கணக்கு டீச்சரும் கூகுள் வகுப்பறையும்

போன மாதம் ஒரு நாள் காலை, மந்தைவெளி மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"சார், நான் பேசறது கேக்குதா?"

காதுக்கு மிஷின் வைத்துக்கொண்ட பிறகு யாராவது இப்படிக் கேட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். திரும்பிப் பார்த்தேன். கணக்கு டீச்சர்.

"கேக்குது டீச்சர். வீடியோதான் தெரியலை" என்றேன். இருவரும் சிரித்த சிரிப்பில் கடைக்காரம்மா தராசை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

இந்த வசனம் 2020ஆம் வருஷத்துக்குச் சொந்தமானது. அந்த வருஷம் நான் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆசிரியர்களுக்கு வாத்தியாராக இருந்தேன். அந்தக் கதையை இங்கே இதுவரை எழுதவில்லை. காரணம் எளிது. அதில் என் பங்கு அவ்வளவு அழகாக இல்லை. டீச்சரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று தோன்றியது.

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். உலகம் முழுக்க அதே கதைதான். 190க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 160 கோடி மாணவர்களின் படிப்பு நின்றதாக ஐக்கிய நாடுகள் சபை கணக்குச் சொன்னது. ஜூன் 9ஆம் தேதி நம் மாநிலத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வையே ரத்து செய்தார்கள். ஜூன் 19 முதல் சென்னையில் மறுபடியும் முழு ஊரடங்கு. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் பறக்கும் ரயில் சத்தம் கேட்கும். அதுவும் இல்லாமல் தெருவே காது அடைத்தது போல இருந்தது.

அப்போதுதான் எங்கள் பக்கத்தில் உள்ள ஓர் அரசு உதவிபெறும் பள்ளியின் தாளாளர் போன் செய்தார். நடைப்பயிற்சியில் பழக்கம்.

"சார், நீங்க பேங்க்ல எல்லாருக்கும் கம்ப்யூட்டர் சொல்லிக்குடுத்தவராச்சே. எங்க டீச்சர்களுக்கு இந்த கூகுள் க்ளாஸ்ரூமைக் கொஞ்சம் சொல்லித் தரணும்."

நான் 2014இல் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவன். கூகுள் க்ளாஸ்ரூமும் அதே 2014இல்தான் வந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். முதலில் அது பதிவு செய்துகொண்ட கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் இருந்தது. 2017இல் சாதாரண ஜிமெயில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கும் திறந்துவிட்டார்கள். பெங்களூரில் இருக்கும் மகளிடம் பத்து நாள் போனில் பாடம் கேட்டேன். நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டேன். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வெளியே போக வேண்டாம் என்று அரசு சொல்லியிருந்த நேரம். எனக்கு 66.

"ஏங்க, இந்த வயசுல இது தேவையா?" என்றாள் மனைவி. இரண்டு முகக்கவசம் போட்டுக்கொள்கிறேன் என்று சமாதானம் சொல்லிக் கிளம்பினேன்.

ஜூலையில் ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்ததும் பள்ளி ஹாலில் முதல் வகுப்பு. ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்து, பெஞ்சுக்கு ஒருவராக 14 ஆசிரியர்கள் உட்கார்ந்தார்கள். நான் வங்கிப் பயிற்சி மையத்தில் எப்படி நடத்துவேனோ அப்படியே நடத்தினேன். திரையில் படம் போட்டேன். இது ஸ்ட்ரீம், அறிவிப்புப் பலகை மாதிரி. இது க்ளாஸ்வொர்க், வீட்டுப்பாடம் கொடுக்கும் இடம். இது பீப்பிள், மாணவர் பட்டியல். இது கிரேட்ஸ், மதிப்பெண். வகுப்பு தொடங்கினால் ஒரு குறியீடு வரும், அதைப் பிள்ளைகளுக்கு அனுப்பினால் அவர்கள் சேர்ந்துகொள்வார்கள். பிறகு நேரலை வகுப்புக்கு மீட். இரண்டு மணி நேரத்தில் முழுவதையும் முடித்துவிட்டேன். எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது.

பாதிப் பேருக்கு ஜிமெயில் பாஸ்வேர்டு தெரியாது. "போன் வாங்கிக் குடுத்தப்போ பையன் போட்டான் சார், அவனுக்குத்தான் தெரியும்" என்றார்கள். அங்கேயே நான் நிறுத்தி யோசித்திருக்க வேண்டும். செய்யவில்லை. யாராவது முன்னால் வந்து ஒரு வகுப்பைத் தொடங்கிக் காட்டுங்கள் என்றேன். யாரும் எழவில்லை. முன் பெஞ்சில் இருந்த கணக்கு டீச்சரைக் கூப்பிட்டேன். வயது 56. 31 வருஷ சர்வீஸ். பத்தாம் வகுப்புக் கணக்கு.

அவருடைய போன் திரையில் பெரிதாகத் தெரிந்தது. விரல் நடுங்கியது. வகுப்பைத் தொடங்கிவிட்டார். பிறகு ஏதோ மூன்று புள்ளியைத் தொட்டார், அது கேட்டதற்கெல்லாம் சரி சரி என்று அழுத்தினார், வகுப்பு காணாமல் போய்விட்டது. ஆர்க்கைவ் செய்துவிட்டார். பின்னால் இரண்டு இளைய ஆசிரியர்கள் சிரித்தார்கள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "போகலை டீச்சர், உள்ளேதான் இருக்கு, எடுத்துடலாம்" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இது:

"பசங்களுக்கு இம்போசிஷன் குடுப்பீங்களே டீச்சர், இப்ப நீங்க ஒரு பத்துத் தடவை பண்ணுங்க."

ஹாலே சிரித்தது. டீச்சரும் முகக்கவசத்துக்குள் சிரித்தார் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. தாளாளர் சங்கடத்துடன் சொன்னார்: "சார், அவங்க விருப்ப ஓய்வு பத்தி விசாரிக்கறாங்க."

அந்த மே மாதம்தான் ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள் ஓய்வு வயதை 58இலிருந்து 59ஆக உயர்த்தியிருந்தார்கள். ஒரு வருஷம் கூடுதல் சம்பளம் என்று பலர் சந்தோஷப்பட்ட நேரத்தில், இந்த அம்மாள் இருக்கிற வருஷங்களையும் வேண்டாம் என்கிறார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நினைவு முப்பது வருஷம் பின்னால் போயிற்று.

வங்கிகளில் கணினி வைப்பது பற்றி ரங்கராஜன் குழு 1984இல் அறிக்கை கொடுத்தது. அதன் பிறகு கிளைகளுக்கு லெட்ஜர் போஸ்டிங் மிஷின் என்று ஒன்று வந்தது. எங்கள் கிளையில் ஒரு ஹெட் கிளார்க் இருந்தார். பேரேட்டின் ஒரு பக்கத்தை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டே வருவார், அடியில் வரும்போது கூட்டுத்தொகையைச் சொல்லிவிடுவார். பைசா தப்பாது. அவருக்கு மிஷினைச் சொல்லிக்கொடுக்கும் வேலை எனக்கு. நான் அப்போது இளந்தாரி. கவுன்டருக்கு வெளியே வாடிக்கையாளர்கள் நிற்க, "அண்ணே, அந்தக் கட்டை இல்லை, இந்தக் கட்டை" என்று உரக்கச் சொல்லுவேன். ஒரு வாரத்தில் அவர் மேனேஜரிடம் போய் தபால் அனுப்பும் பகுதிக்கு மாற்றிக்கொண்டார். ஓய்வு பெறும் வரை கவருக்குத் தபால்தலை ஒட்டிக்கொண்டிருந்தார். பிடிவாதக்காரர் என்று அன்று நினைத்தேன். அவரை அங்கே உட்காரவைத்தது நான்தான் என்பது 2020இல்தான் உறைத்தது.

மறுநாள் டீச்சர் வீட்டுக்குப் போனேன். எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரம்தான். கேட்டுக்கு வெளியே நின்றேன், அவர் வாசற்படியில் நின்றார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று போனவன், "உடம்பு சரியில்லையா டீச்சர்?" என்று கேட்டேன். நம் தலைமுறை ஆண்களுக்கு அந்த வார்த்தை லேசில் வராது.

அவர் சுற்றி வளைக்கவில்லை. "சார், 31 வருஷம் போர்டு முன்னாடி நின்னிருக்கேன். அங்க தப்புப் போட்டா அழிக்க டஸ்டர் இருக்கு, பசங்களைச் சமாளிக்கத் தெரியும். இதுல தப்புப் பண்ணா பசங்க பார்ப்பாங்க, அவங்க அப்பா அம்மா பின்னாடி நின்னு பார்ப்பாங்க. அப்புறம் நான் எப்படி அந்தத் தெருவுல நடக்கறது?"

என்னிடம் பதில் இல்லை. அவர் உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்தார்.

"இன்னொண்ணு. என் க்ளாஸ்ல 42 பேர். எத்தனை பேர் வீட்ல இந்த மாதிரி போன் இருக்குன்னு நீங்க கேட்டீங்களா சார்?"

நான் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பென்சிலில் குறித்திருந்தார். பகலிலும் வீட்டில் போன் இருப்பது 13 பேருக்கு. அப்பா ஆட்டோ ஓட்டப் போகும்போது, அம்மா வீட்டு வேலைக்குப் போகும்போது கையோடு கொண்டுபோய் இரவு ஏழு மணிக்கு மேல் திரும்பி வரும் போன் 17 பேருக்கு. பட்டன் போன்கூடச் சரியாக இல்லாதவர்கள் 12 பேர். அவர்களில் பாதிப் பேர் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம் பிள்ளைகள். நான் இரண்டு மணி நேரம் நடத்திய பாடத்தில், காலை பத்து மணிக்கு மீட்டில் வகுப்பு எடுப்பது எப்படி என்பதைத்தான் பிரமாதமாக விளக்கியிருந்தேன். அது அந்த 13 பேருக்கான பாடம்.

"டீச்சர், எனக்கு ரெண்டாவது சான்ஸ் குடுங்க" என்றேன். மன்னிப்புக்கு மிக அருகில் நான் வந்தது அவ்வளவுதான்.

அடுத்த வாரம் பயிற்சியைத் தலைகீழாக மாற்றினேன். முதல் விதி, யாரும் யார் முன்னாலும் செய்து காட்ட வேண்டியதில்லை. இருவர் இருவராக, ஒருவருக்கொருவர் மாணவராக, தங்கள் வகுப்புக் குறியீட்டைக் கொடுத்துச் சேர்ந்துகொள்ள வேண்டும். மாணவருக்கு எது எப்படித் தெரிகிறது என்று பார்த்த பிறகுதான் ஆசிரியருக்குப் பயம் போகும். இரண்டாவது, ஒரு நாளைக்கு ஒரே காரியம். முதல் நாள் பாஸ்வேர்டு, அதையும் ஒரு சின்ன நோட்டில் அவரவர் கையால் எழுதி வைக்க வேண்டும். இரண்டாம் நாள் வகுப்பு தொடங்குவது. மூன்றாம் நாள் ஐந்து கேள்வி கொடுப்பது. மூன்றாவது விதி, நானே எல்லோருடைய வகுப்பிலும் மக்கு மாணவனாகச் சேர்ந்தேன். படத்தைத் தலைகீழாக அனுப்பினேன், வேறு பாடத்தின் விடையை ஏற்றினேன், ஸ்ட்ரீமில் "குட் மார்னிங் மிஸ்" என்று இருபது தடவை போட்டேன். ஸ்ட்ரீமில் மாணவர்கள் எழுதாதபடி நிறுத்த ஒரு வழி இருக்கிறது என்று அவர்களே தேடிக் கண்டுபிடித்தார்கள். நான் சொல்லி மனதில் நின்றதைவிட அது நன்றாக நின்றது.

மீட்டைக் கடைசிக்குத் தள்ளிவிட்டோம். கணக்கு டீச்சரின் 17 பிள்ளைகளுக்காக. காலையில் பாடத்தைப் போட்டுவைத்தால் இரவு ஏழு மணிக்குப் போன் வந்ததும் திறந்து பார்க்கலாம், மறுநாள் காலைக்குள் நோட்டைப் படம் எடுத்து ஏற்றலாம். 2018 முதல் வந்த புதிய பாடப்புத்தகங்களில் க்யூஆர் கட்டங்கள் இருந்தன. அதை போனில் காட்டினால் தீக்‌ஷா தளத்தின் பாடம் திறக்கும். 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியும் இருந்தது. எல்லாவற்றையும் நேரலையில்தான் நடத்த வேண்டும் என்று இல்லை. அந்த ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலும், எட்டாம் வகுப்பு வரை நாளைக்கு இரண்டு, அதற்கு மேல் நான்கு வகுப்புகளுக்கு மிகாமல், ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிஷம்தான் என்று வரம்பு வைத்திருந்தது.

டீச்சருடைய பயம் தெளிந்தது ஒரு சின்ன விஷயத்தில். நான் மாணவனாக ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டு, நோட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். அந்தப் படத்தின் மேலேயே விரலால் எழுதலாம் என்று காட்டினேன்.

"சிவப்புல எழுத முடியுமா சார்?"

"முடியும்."

என் மூன்றாவது வரியைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டார். பக்கத்தில் "குறி மாற்ற மறந்துவிட்டாய்" என்று விரலால் எழுதினார். ஓரத்தில் 5க்கு 3. திரும்ப அனுப்பும் பொத்தானை யாரும் சொல்லாமலே அழுத்தினார். என் போன் டிங் என்றது. அவர் முகக்கவசத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டு மூச்சு விட்டார். அதன் பிறகு விருப்ப ஓய்வுப் பேச்சு எழவில்லை.

மிச்சம் 12 பேர். அதற்கு வழி சொன்னதும் அவர்தான், நான் இல்லை. அவரிடம் முன்பு படித்து இப்போது கல்லூரியில் இருக்கும் பிள்ளைகள் நான்கு பேரைப் பிடித்தார். அவர்களும் அதே தெருக்களில் இருப்பவர்கள், கல்லூரி மூடியதால் வீட்டில் சும்மா இருந்தவர்கள். அவரவர் தெருவில் மூன்று பேருக்கு வாசலில் வைத்துக் கேள்விகளை எழுதிக்கொடுத்து, விடையைத் தங்கள் போனில் படம் எடுத்து ஏற்றினார்கள். க்ளாஸ்ரூமில் பீப்பிள் பக்கம் போய் அவர்களை இணை ஆசிரியர்களாகச் சேர்த்துவிட முடியுமா என்று என்னைக் கேட்டார். முடியும் என்றேன்.

"அந்தக் காலத்துச் சட்டாம்பிள்ளைதான் சார்" என்று சிரித்தார்.

அவர் விளையாட்டாகச் சொன்னாலும் அதற்குப் பின்னால் நம் ஊர்க் கதை ஒன்று இருக்கிறது. 1789 வாக்கில் எழும்பூரில் இருந்த ராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்தைப் பொறுப்பில் வைத்திருந்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஆசிரியர்கள் போதவில்லை. இங்குள்ள பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். அதை எடுத்துக்கொண்டார். பெரிய பையன்கள் சின்னப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டையும் செய்தார். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அது புதிதல்ல. 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்து முழுக்கப் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் மெட்ராஸ் காலேஜ் என்ற பெயரிலேயே இன்றும் ஒரு பள்ளி இருக்கிறது. இங்கிருந்து கப்பலேறிப் போன யோசனை 200 வருஷம் கழித்து மந்தைவெளியில் ஒரு கைப்பேசிக்குள் திரும்பி வந்து உட்கார்ந்தது.

எல்லாம் சுபம் என்று சொல்லமாட்டேன். தமிழய்யாவுக்குக் கடைசி வரை பிடிக்கவில்லை. வாட்ஸப்பில் தன் குரலைப் பதிவு செய்து அனுப்பினார், அதோடு சரி. கேட்ட பிள்ளைகள் நன்றாக இருந்தது என்றார்கள். மீட் தொடங்கியபோது குறும்புக்காரன் ஒருவன் டீச்சரின் மைக்கையே மியூட் செய்துவிட்டான். இரண்டு நிமிஷம் அவர் ஊமைப் படம் போலப் பேசினார். பிறகு புரிந்துகொண்டு, பலகையில் "வாயை மூடலாம், கணக்கை மூட முடியாது. பக்கம் 47" என்று எழுதிக் காமிராவுக்குக் காட்டினார். ஜூலையில் நடந்திருந்தால் அழுதிருப்பார்.

க்ளாஸ்ரூமில் வீட்டுப்பாடம் தராத பிள்ளையின் பெயருக்கு எதிரே 'மிஸ்ஸிங்' என்று சிவப்பில் வரும். மற்ற ஆசிரியர்கள் அதைப் பார்த்துவிட்டு மதிப்பெண்ணைக் குறைப்பார்கள். இவர் அந்தப் பெயரை நோட்டில் எழுதிக்கொள்வார். மூன்று நாள் தொடர்ந்து வந்தால் போன் செய்வார். போன் எடுக்காவிட்டால் சாயங்காலம் முகக்கவசம் போட்டுக்கொண்டு நேரே அந்த வீட்டுக்குப் போய்விடுவார். "இது வீட்டுப்பாடத்தைக் காணோம்னு சொல்லுது சார். பையனைக் காணோமான்னு நான்தானே பார்க்கணும்" என்றார். நான் எழுதிவைத்த குறிப்புகளில் அந்தச் சொல்லுக்குக் கொடுத்திருந்த விளக்கம் "சமர்ப்பிக்கப்படவில்லை" என்பதுதான்.

2021 ஜனவரி 19ஆம் தேதி பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பள்ளி திறந்தது. அன்று மாலை டீச்சர் எனக்குப் போன் செய்தார். "39 பேர் வந்துட்டாங்க சார்." கொஞ்சம் இடைவெளி விட்டு, "மூணு பேர் வரலை" என்றார். ஒரு பெண்ணை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஒருவன் கடலுக்குப் போகிறான். ஒருவன் டூவீலர் மெக்கானிக் கடையில். பிப்ரவரியில் தேர்வில்லாமல் எல்லோரும் தேர்ச்சி என்று அரசு அறிவித்தது. அந்த மூவர் பெயருக்கும் தேர்ச்சி வந்தது. டீச்சருக்கு அதில் சமாதானம் இல்லை.

ஓய்வு வயது 60 ஆனது. அவர் முழு சர்வீஸும் முடித்து 2024இல்தான் வெளியே வந்தார். இடையில் தீக்‌ஷாவில் வந்த ஆசிரியர் பயிற்சியின் 18 பகுதிகளையும் முடித்து, பள்ளியில் மற்றவர்களுக்கும் அவரே சொல்லிக்கொடுத்தார். பிறகு ஆசிரியர்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிகள் வந்தன. வருகைப் பதிவுக்கு, மதிப்பீட்டுக்கு. பாடம் நடத்த நேரம் இல்லை, விவரம் ஏற்றத்தான் நேரம் இருக்கிறது என்ற ஆசிரியர்களின் புலம்பல் நியாயமானது. அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது ஒன்றுதான். எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று சொல்வதற்கு முன், அவர் வகுப்பில் எத்தனை பேர், அவர்கள் யார் என்று கேளுங்கள். அது அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. அதிலிருந்து தொடங்கினால் யாரும் தபால்தலை ஒட்டப் போக மாட்டார்கள்.

மார்க்கெட்டில் டீச்சர் தன் போனை எடுத்துக் காட்டினார். க்ளாஸ்ரூமில் ஒரு வகுப்பு. பீப்பிள் பக்கத்தில் ஒரே ஒரு மாணவன்.

"அந்த மெக்கானிக் கடைப் பையன் சார். ஐடிஐயில சேர்ந்திருக்கான். ஒர்க்‌ஷாப் கால்குலேஷன்ல பின்னம் தடுக்குதாம். ராத்திரி எட்டு மணிக்கு மேலதான் அவனுக்கு ஒழியும். அஞ்சு கணக்குப் போட்டு அனுப்பறேன்."

கத்தரிக்காய்ப் பையைக் கீழே வைத்தேன். "டீச்சர், அன்னிக்கு ஹால்ல நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ரொம்பத் தப்பு" என்றேன். ஐந்து வருஷம் ஆயிற்று, இரண்டு வாக்கியம் சொல்ல.

எதைச் சொல்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. "அன்னிக்கு ராத்திரி வீட்ல போய் பத்துத் தடவை பண்ணேன் சார்" என்றார். "பத்து தடவையும் ஆர்க்கைவ்தான் ஆச்சு."